திருமலைத் தெருவும் திருவுலாவும்

நகரம் என்பது மாடமாளிகைகளின் தொகுதியா, அன்றித் தெருவில் ஒருவரையொருவர் கண்டு நலம் உசாவும் மக்களின் தொகுதியா? இவ்வினாவுக்கு விடை காண விழைவார்க்குத் திருகோணமலை நகரின் வரலாறு நல்லதொரு பாடமாகும்.

இந்நகரை வகுத்தது கடல். மேற்கே ஆழமிக்க உட்துறைமுகம்; கிழக்கே இரு குடாக்கள்; அவற்றுக்கிடையே கடலுள் நீண்டு நிற்கும் கோணமாமலை. நீரால் நெருக்குண்ட ஒடுங்கிய நிலத்தில் எழுந்த ஊராதலின், கோயிலும் கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் மீனவர் கரையும் நடந்து செல்லும் தொலைவுக்குள்ளேயே அமைந்தன. துறைமுகக் கரையில் புறப்படும் ஒருவர் அரைமணி நேரத்துள் கீழைக் கடற்கரையை அடைந்துவிடலாம்.

ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் பாடிய திருத்தலம் இது. மலைமேல் கோயில், அடிவாரத்தே ஊர். இரண்டையும் பிணைத்தது மக்கள் நடந்த பாதை. அப்பாதைக்குப் பதினேழாம் நூற்றாண்டிலே பேரிடர் நேர்ந்தது. சித்திரைப் புத்தாண்டு நாளில் திருவுருவங்கள் ஊருக்குள் உலாப் போயிருந்த வேளையிலே போர்த்துக்கேயர் மாறுவேடம் பூண்டு கோயிலுட் புகுந்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. கோயில் இடிக்கப்பட்டது. அதன் கற்களைக்கொண்டே 1624இல் கோட்டை எழுந்தது. அடியார் சென்ற வழியிலே காவற்படை நின்றது.

1639இல் ஒல்லாந்தரும், 1795இல் ஆங்கிலேயரும் கோட்டையைக் கைப்பற்றினர். 1803இல் அது பிரெட்றிக் கோட்டை எனப் பெயர் பெற்றது. கொடி மாறினும் மக்கள் அம்மலையை மறந்தாரல்லர். கோயிலற்ற பாறையின் விளிம்பில் நின்று பூவும் பழமும் கடலிலே சொரிந்து வழிபட்டனர். கல்லாலான கோயிலை இடிக்க முடிந்தது. கால்கள் அறிந்த வழியை அழிக்க முடியவில்லை.

துறைமுகத்தின் சிறப்பு நகருக்கு வேறொரு வேகத்தையும் தந்தது. 1927இல் புகைவண்டிப் பாதை வந்தது. சீனக்குடாவிலே கடற்படைக்கென எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. 1957இல் ஆங்கிலக் கடற்படை தளத்தை ஒப்படைத்தது. பேரரசுகளின் தேவைக்கென அமைந்த வீதிகள் தங்கின. அவற்றில் மோட்டார் வண்டிகள் பெருகின.

இத்தகைய மாற்றத்தின் நடுவே பழைய நகரங்களை எவ்வாறு காப்பது? ஸ்கொத்லாந்து அறிஞர் பட்ரிக் கெடிஸ் 1914இல் இந்தியாவுக்கு வந்து இதனை ஆராய்ந்தார். தஞ்சாவூர் முதலிய ஊர்களை நடந்தே கண்ட அவர், அகன்ற சாலைக்காக வீடுகளை இடிப்பதை எதிர்த்தார். நோயுற்ற இடத்தை மட்டும் சிறிதளவே திருத்துக என்றார். 1921இல் கொழும்புக்கும் ஒரு திட்டம் வகுத்தார். இந்தூரிலே அவர் செய்த செயல் நினைக்கத்தக்கது. தீபாவளி ஊர்வலம் எத்தெருக்கள் நன்கு துப்புரவு செய்யப்பட்டுள்ளனவோ அவற்றின் வழியே செல்லும் என அறிவித்தார். குடிமக்கள் போட்டியிட்டுத் தத்தம் தெருவைத் துப்புரவாக்கினர்.

கெடிஸ் கண்ட இவ்வுண்மையைத் திருமலை மக்கள் முன்னரே அறிவர். 1950இல் கிணறு தோண்டியபோது பழைய திருமேனிகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. 1963இல் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. சிவராத்திரியை ஒட்டிக் கோணேசர் நகர்வலம் வரும்போது வாயில்தோறும் நிறைகுடமும் விளக்கும் விளங்கும். வண்டிகள் ஒதுங்கும். மழலைகள் தெருவின் நடுவே ஓடியாடுவர். முதியோர் திண்ணையிலிருந்து கைகூப்புவர். அவ்விரவுகளிலே தெரு மீண்டும் வீட்டின் முற்றமாகிறது.

வண்டியே வேண்டாம் என்பது இதன் கருத்தன்று. கிண்ணியா மக்கள் நெடுங்காலம் தோணித்துறையிலே காத்து நின்றனர். 2009இல் பாலம் திறக்கப்பட்டபின் நோயாளியும் மாணவனும் அடைந்த நன்மை சிறிதன்று. ஊரையும் ஊரையும் இணைக்க வண்டி வேண்டும். வீட்டையும் வீட்டையும் இணைக்கக் காலடி போதும்.

கோட்டை வாயிலருகே இன்றும் புள்ளிமான்கள் அச்சமின்றி வீதியைக் கடக்கின்றன. மானுக்கு வழிவிடும் நகரம், தன் குழந்தைகளுக்கும் ஆண்டின் எல்லா நாளும் வழிவிடல் வேண்டும். ஆண்டுக்குச் சில இரவுகளில் இயல்வது, ஏனைய நாள்களில் இயலாதது ஆகுமோ?