அரை விழுக்காட்டில் ஒளிந்திருந்த வாயு

ஆய்வுக்கூடத்தில் ஒரே பொருளை இருமுறை நிறுத்த மாணவர், இரு வேறு எண்களைப் பெற்றால் என்ன செய்கிறார்? பெரும்பாலும் பாடநூலோடு பொருந்துவதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுகிறார். அழிக்காத ஒருவரின் வரலாற்றை இங்கே காண்போம்.

இங்கிலாந்தின் இயற்பியலறிஞர் ரேலி பிரபு, நைட்ரஜனின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். காற்றிலிருந்து ஆக்சிஜனை நீக்கிப் பெற்ற நைட்ரஜனைவிட, அம்மோனியாவின் துணையோடு பெற்றது ஆயிரத்தில் ஒரு பங்கு இலேசாக இருந்தது. காரணம் புலப்படாமல், 1892இல் 'நேச்சர்' இதழின் வழியே வேதியியலாரிடம் விளக்கம் கேட்டார்.

வேறுபாட்டை மறைக்க முயலாமல் அதனைப் பெருக்கிப் பார்க்க அவர் துணிந்தார். அம்மோனியா முறையில் கிடைத்த நைட்ரஜனிலும் பெரும்பகுதி காற்றிலிருந்தே வந்தது. எனவே காற்றுக்குப் பதிலாகத் தூய ஆக்சிஜனைப் பயன்படுத்தி, முழுவதும் அம்மோனியாவிலிருந்தே நைட்ரஜனைப் பெற்றார். வேறுபாடு ஏறத்தாழ ஐந்து மடங்காயிற்று. அதாவது அரை விழுக்காடு.

பின்னர் முறைகளையே மாற்றினார். காற்றின் ஆக்சிஜனைச் சூடான செம்பால் நீக்கினாலும் சூடான இரும்பால் நீக்கினாலும், அவருடைய கண்ணாடிக் கோளத்தில் அடங்கிய வாயுவின் எடை 2.310 கிராம் அளவிலேயே நின்றது. வெவ்வேறு சேர்மங்களிலிருந்து பெற்ற நைட்ரஜனின் சராசரி எடையோ 2.299 கிராம். முறை மாறியபோது எண் மாறவில்லை. மூலம் மாறியபோதே மாறியது. ஆகவே அது கருவியின் பிழையன்று. காற்றிலேயே வேறொன்று கலந்திருந்தது.

1894இல் வேதியியலறிஞர் வில்லியம் ராம்சே, காற்றின் நைட்ரஜனைச் சூடான மக்னீசியம் உட்கொள்ளுமாறு செய்தார். எஞ்சிய வாயுவின் நிறமாலையில் அதுவரை அறியப்படாத கோடுகள் தோன்றின. காற்றில் ஏறத்தாழ 0.93 விழுக்காடாக உள்ள ஆர்கான் அதுவே. 1785இலேயே கேவண்டிஷ், காற்றில் மின்பொறி பாய்ச்சியபோது சிறு குமிழொன்று எஞ்சியதைக் கண்டு குறித்துவைத்திருந்தார். அதன் பொருள் விளங்க நூறாண்டுக்கு மேலாயிற்று.

மொழியியலாராகிய நாம் பெயரையும் நோக்குவோம். கிரேக்கத்தில் 'எர்கோன்' என்பது தொழில். முன்னுள்ள 'அ' இன்மையைக் குறிக்கும். வேறு பொருளோடு வினைபுரியாத இவ்வாயு, வேதிச் சோதனைகளில் அகப்படாமல் நின்றது. அதனைக் காட்டிக்கொடுத்தது அதன் எடையே.

பொருந்தாத எண்ணைக் குறித்துவைக்கும் மாணவரிடம், "மீண்டும் வேறு வழியில் அளந்து பார்" என்று சொல்வது ஆசிரியர் கடன்.