எஞ்சிய குளோரின்

குடிநீரில் இடும் குளோரின் அதிலுள்ள கரிமப் பொருள், இரும்பு, அம்மோனியா, நுண்ணுயிரிகள் ஆகியவற்றோடு வினைபுரிந்து செலவானது போக, மீந்து நிற்கும் அளவு எஞ்சிய குளோரின் எனப்படும். சுத்திகரிப்பு நிலையத்தைக் கடந்த நீருக்குக் குழாயிலும் தொட்டியிலும் துணை இதுதான். ஐ.எஸ். 10500:2012 என்னும் இந்தியத் தரம் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் என்று வரையறுக்கிறது.

நீர் சூடாக இருந்தால் குளோரின் கிருமிகளை விரைவாகக் கொல்லும். ஆனால் தானும் விரைவாகக் குறைந்துபோகும். ஆகவே வெப்ப நாடுகளில் சிக்கல் நிலையத்தைவிடக் கடைசித் தெருவில்தான் அதிகம். வெயிலில் நிற்கும் மாடித் தொட்டியில் காலையில் இருந்த குளோரின் மாலையில் இல்லாமல் போகலாம். 25 முதல் 45 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பெருகும் லெஜியோனெல்லா போன்ற கிருமிகளுக்கு அது வசதி.

மழைக்காலத்தில் வேறொரு தொல்லை. ஊராட்சிகளில் பயன்படும் பிளீச்சிங் பவுடர் புதிதாக இருக்கும்போது அதன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பயன்தரு குளோரின். ஈரக்காற்று பட்டுக் கட்டிதட்டிய மூட்டையில் அது வெகுவாகக் குறைந்துவிடும். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்ற வழக்கமான கணக்கை அப்படியே பின்பற்றினாலும், வீரியம் போன தூளில் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். அளவு சரி, பதிவேடு சரி, தண்ணீர் சரியில்லை என்ற நிலை இப்படித்தான் வருகிறது.

விட்டு விட்டுத் தண்ணீர் விடும் ஊர்களில் ஆபத்து கூடும். அழுத்தம் இல்லாத நேரத்தில் விரிசல் வழியே சாக்கடை நீர் குழாய்க்குள் கசியும். இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவோர் இதற்கு உதவுகிறார்கள். திடீரென நுழையும் கழிவின் முன் 0.2 மில்லிகிராம் நெடுநேரம் தாங்காது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியோ வழக்கமான அளவுக் குளோரினுக்கு அசைவதே இல்லை. அதற்கு வடிகட்டல் போன்ற வேறு வழி வேண்டும். கலங்கல் நீரில் பிற கிருமிகளும் துகள்களுக்குள் ஒளிந்து தப்பும்.

எஞ்சிய குளோரினைக் குழாயடியிலேயே குளோரோஸ்கோப் என்ற நிறம் ஒப்பிடும் கருவியில் பார்ப்பது வழக்கம். ஆர்த்தோடொலுடின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் நீர் மஞ்சளாகும். நிறத்தின் அடர்த்தியே அளவு. ஆய்வகத்துக்கு எடுத்துச்செல்வதற்குள் குளோரின் குறைந்துவிடும் என்பதால் மாதிரியை அங்கேயே பார்ப்பதுதான் முறை. கிருமிச் சோதனைக்கு, குவாலியரின் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தைச் சேர்ந்த அறிவியலாளர்கள் 1982இல் ஹைட்ரஜன் சல்ஃபைடு காகிதப் பட்டை முறையை வெளியிட்டனர். மலக்கலப்பு இருந்தால், பட்டையிட்ட குப்பியிலுள்ள நீர் கறுக்கும். வெப்ப நாட்டின் அறைவெப்பமே போதும், அடைகாப்புப் பெட்டி வேண்டியதில்லை. ஆனால் முடிவு தெரிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும்; குளோரோஸ்கோப் அங்கேயே சொல்லிவிடும்.