அமெரிக்கப் புறநகரின் மறைந்த படமாளிகைகள்

ஹொலிவூட் என்றதும் நமது மனக்கண் முன் தோன்றுவன பிரமாண்டமான ஸ்ரூடியோக்களும் நட்சத்திரங்களின் முகங்களுமே. காசு கொடுத்து அப்படங்களைப் பார்த்த சாதாரண அமெரிக்க மக்கள், யாருக்குச் சொந்தமான நிலத்தில் அமர்ந்து பார்த்தார்கள் என்பதை நாம் சிந்திப்பதில்லை. சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் அவர்களுள் மிகப் பலர் படம் பார்த்தது புறநகர்க் கடைத்தொகுதிகளிலாகும். பலசரக்குக் கடைக்கும் சலவைக் கடைக்கும் அருகே, பரந்த வாகனத் தரிப்பிடத்தை நோக்கி நின்ற எளிய படமாளிகைகள் அவை. அவற்றிற் பல இன்று இல்லை. அங்கே சிறுவயதிற் படம் பார்த்தோர் அவற்றை ஏக்கத்தோடு நினைவுகூர்கின்றனர். அந்த ஏக்கத்தை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. ஆயினும், அவை ஏன் அங்கே தோன்றின, யார் உள்ளே நுழைய முடிந்தது, யாருடைய கணக்கின்படி மூடப்பட்டன என்று கேட்கும்போதுதான் நினைவு வரலாறாகிறது.

இவ்வரலாற்றில் 1948ஆம் ஆண்டு மே 3ஆம் திகதி குறிப்பிடத்தக்கது. அன்று அமெரிக்க உயர் நீதிமன்றம் இரு தீர்ப்புகளை வழங்கிற்று. ஒன்று பரமவுண்ட் முதலிய பெருங் கம்பனிகளுக்கு எதிரானது. படத்தைத் தயாரிப்பதும், விநியோகிப்பதும், காட்டும் மாளிகையைச் சொந்தமாக வைத்திருப்பதும் ஒரே கையில் இருந்த நிலை இத்தீர்ப்பின் விளைவாகத் தகர்ந்தது. ஸ்ரூடியோக்கள் தமது படமாளிகைகளைக் கைவிட நேர்ந்தது. மற்றையது வீட்டுரிமை பற்றியது. கறுப்பின மக்களுக்கு வீடு விற்கலாகாது எனக் காணி உறுதிகளில் எழுதப்பட்ட நிபந்தனைகளை இனி நீதிமன்றங்கள் நிறைவேற்றிக் கொடுக்கமாட்டா என அது கூறிற்று.

புறநகர்ப் படமாளிகையின் பிறப்பை விளங்கிக்கொள்ள இவ்விரண்டையும் சேர்த்தே நோக்க வேண்டும். முதலாவது தீர்ப்பு, ஸ்ரூடியோக்களின் பிடியிலில்லாத புதிய முதலாளிகளுக்கு வழி திறந்தது. இரண்டாவது தீர்ப்பு பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. நியூயோர்க்கின் அருகே 1947இல் தொடங்கப்பட்ட லெவிற்றவுணில் சில ஆண்டுகளுள் 17,000க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. அவை வெள்ளையருக்கே விற்கப்பட்டன. அரசின் வீட்டுக்கடன் காப்புறுதியும் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை ஆபத்தான முதலீடு என ஒதுக்கியது. 1957இல் பென்சில்வேனியாவின் லெவிற்றவுணில் மையேர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பம் குடிபுகுந்தபோது, வீட்டின் முன் கூட்டம் திரண்டு கல்லெறிந்தது. ஆகவே, ‘எங்கள் ஊர்ப் படமாளிகை’ என்று இன்று நினைவுகூரப்படுவதில் ‘எங்கள்’ என்ற சொல்லுக்கு ஓர் எல்லை இருந்தது. வாயிலில் தடைப்பலகை தொங்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. காணி விற்பனையே அந்த வேலையைச் செய்து முடித்திருந்தது.

1946இல் வாரந்தோறும் 8 முதல் 9 கோடி வரையான அமெரிக்கர் படமாளிகைக்குச் சென்றனர் என மதிப்பிடப்படுகிறது. அடுத்த பத்தாண்டுகளில் அத்தொகை ஏறத்தாழப் பாதியாகியது. தொலைக்காட்சியையே பலரும் காரணங் காட்டுவர். அது உண்மையின் ஒரு பகுதி மாத்திரமே. மக்கள் நகரைவிட்டுப் பெயர்ந்திருந்தனர். நகரத்துப் படமாளிகையோ பெயரவில்லை. 1954ஆம் ஆண்டின் வரிச் சட்டம் புதிய வணிகக் கட்டடங்களின் தேய்மானத்தை முதலாண்டுகளிலேயே பெருமளவில் கழித்துக்கொள்ள இடமளித்தது. பழைய கட்டடத்தைத் திருத்துவதிலும் பார்க்க வெளிநிலத்திற் புதிதாகக் கட்டுவது முதலாளிக்கு இலாபகரமாயிற்று. கடைத்தொகுதிகள் பெருகின, அவற்றோடு படமாளிகைகளும் பெருகின.

மசாசூசெற்ஸ் மாநிலத்துப் பிரேமிங்ஹாம் நகரில் 1951இல் திறக்கப்பட்ட ‘ஷொப்பேர்ஸ் வேள்ட்’ கடைத்தொகுதி இவ்வகையில் முன்னோடியாகும். அங்கிருந்த படமாளிகையை நடத்திய நிறுவனமே பின்னர் ஜெனரல் சினிமா எனப் பெயர்பெற்றது. 1963இல் ஸ்ரான்லி டேர்வுட் என்பவர் கான்சாஸ் சிற்றியின் வோட் பார்க்வே கடைத்தொகுதியில் இரு திரைகள் கொண்ட படமாளிகையைத் திறந்தார். இயந்திர அறை ஒன்று, சோளப்பொரி விற்கும் இடம் ஒன்று, ஊழியரும் ஒரே தொகுதியினர்; ஆனால் அரங்குகள் இரண்டு. 1966இல் நான்கு திரைகளும், 1969இல் ஒமாகா நகரில் ஆறு திரைகளும் தோன்றின.

இக்கணக்கில் தொழிலாளியின் இடம் யாது? முன்னர் ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஓடும் படச்சுருள்களை இரு இயந்திரங்களில் மாறிமாறி ஏற்றி, ஒளிக்கதிரை இடைவிடாது கவனித்து நின்றவர் படம் ஓட்டும் தொழிலாளி. தேர்ச்சியும் பலமான தொழிற்சங்கமும் அவருக்கிருந்தன. முழுப்படத்தையும் ஒரே தட்டிற் சுற்றிவைக்கும் முறை வந்ததும், ஒருவரே பல திரைகளைக் கவனிக்கலாம் என்றாயிற்று. 2013ஆம் ஆண்டளவில் எண்ணிம முறை நாடெங்கும் பரவியபோது அத்தொழிலே அநேகமாக அழிந்தது. ஏக்கத்தோடு எழுதப்படும் நினைவுகளில் இத்தொழிலாளியைக் காண்பது அரிது.

கடைத்தொகுதி ஊரின் சந்தியாகவும் முற்றமாகவும் ஆகிவிட்ட காலத்தில் வேறொரு கேள்வியும் எழுந்தது: அந்த முற்றம் யாருடையது? பென்சில்வேனியாவின் அல்ரூனா நகருக்கு அருகிலிருந்த ஒரு கடைத்தொகுதியில், சங்கமற்ற கடையொன்றின் எதிரே தொழிலாளர் பதாகை ஏந்தி நின்றனர். கடைத்தொகுதி ஊர்த்தெருவுக்கு ஒப்பானது; ஆதலின் அங்கு நிற்க அவர்களுக்கு உரிமையுண்டு என 1968இல் உயர் நீதிமன்றம் ஏற்றது. 1972இல், போட்லண்ட் நகரக் கடைத்தொகுதியில் வியட்நாம் போருக்கு எதிராகத் துண்டுப் பிரசுரம் வழங்கியோருக்கு அதே நீதிமன்றம் உரிமை மறுத்தது. 1976இல் முன்னைய தீர்ப்பு முற்றாகக் கைவிடப்பட்டது. சில மாநிலங்கள் தத்தம் அரசியலமைப்பின்படி கூடுதல் உரிமை வழங்கிய போதிலும், பொதுவிதி தெளிவாயிற்று: மக்கள் கூடலாம், வாங்கலாம், படம் பார்க்கலாம், அந்நிலத்தின்மீது அவர்களுக்கு உரிமை கிடையாது.

ஆகவே, மூடுவிழா வந்தபோது எவரும் அவர்களைக் கேட்கவில்லை. 1995இல் டலஸ் நகரில் 24 திரைகள் கொண்ட பேரரங்கு எழுந்தது. அதனைப் பின்பற்றிப் பெருங் கம்பனிகள் போட்டி போட்டுக் கட்டின. தாம் முன்னர் கட்டிய சிறு படமாளிகைகளுக்குத் தாமே எமனாயின. கட்டிய வேகத்தில் கடனும் பெருகிற்று. 2000, 2001ஆம் ஆண்டுகளில் கார்மைக், யுனைரெட் ஆர்ரிஸ்ற்ஸ், ஜெனரல் சினிமா, லோஸ், றீகல் எனப் பல நிறுவனங்கள் வங்குரோத்துப் பாதுகாப்பை நாடின. முன்னோடியான ஷொப்பேர்ஸ் வேள்ட் 1994இலேயே இடிக்கப்பட்டுவிட்டது. பெருந்தொற்றால் படமாளிகைகள் இருண்டு கிடந்த 2020இல், பரமவுண்ட் வழக்கின் கட்டுப்பாடுகளையும் நீதிமன்றம் நீக்கியமை கவனிக்கத்தக்கது.

இதற்கு மாற்று இல்லையா? பிரேமிங்ஹாமிலிருந்து அதிக தூரத்திலில்லாத புறூக்லைன் ஊரில் கூலிட்ஜ் கோர்ணர் என்றொரு படமாளிகை உண்டு. அது கடைத்தொகுதியில் அமைந்ததன்று. 1906இல் தேவாலயமாகக் கட்டப்பெற்று 1933இல் படமாளிகையானது. 1980களின் இறுதியில் அதுவும் அழியும் நிலையை எய்தியது. ஊரவர் ஒன்றுதிரண்டனர். 1989 முதல் இலாபநோக்கற்ற நிறுவனமொன்று அதனை நடத்தி வருகிறது. அங்கே இன்றும் படம் ஓடுகிறது. இரு ஊர் மக்களும் தத்தம் படமாளிகையை நேசித்தவர்களே. ஆனால் ஓரூரில் அந்த நேசத்துக்கு ஓர் அமைப்பு இருந்தது. மற்றைய ஊரில் வாடகைக் கணக்கு மாத்திரமே இருந்தது.

புறநகர்ப் படமாளிகைகளைப் பற்றிய மக்களின் நினைவு பொய்யன்று. முதலாளி இலாபத்துக்காகக் கட்டிய நான்கு சுவர்களுக்குள் அவர்கள் உண்மையாகவே கூடிச் சிரித்தார்கள், அழுதார்கள், நட்புக் கொண்டார்கள். அந்தக் கூட்டுவாழ்வு அவர்கள் படைத்தது. அது நிகழ்ந்த நிலம் மட்டும் அவர்களுடையதாயிருக்கவில்லை. வாசகசாலை, விளையாட்டு மைதானம், படமாளிகை என எங்கெங்கு மக்கள் கூடுகிறார்களோ, அங்கெல்லாம் காணி உறுதி யார் பெயரில் இருக்கிறது என்பதை இடிப்போர் வருமுன்னரே கேட்டறிதல் நம்மனைவரின் கடமையாகும்.