இருமொழி எல்லையில் ஆங்கிலச் சொற்கல்வி: சித்தூர், திருப்பதிப் பகுதியை முன்வைத்து

ஆங்கிலத்தின் அரிய சொற்களைப் பொருள் விளக்கத்தாலும் எடுத்துக்காட்டுத் தொடராலும் கற்பது இன்று பரவலான முறையாகும். தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் சித்தூர், திருப்பதிப் பகுதியில் இம்முறைக்குத் தனித்ததொரு தேவை உண்டு என்பதை அகராதி வரலாற்றின் துணைகொண்டு காட்ட இக்கட்டுரை முற்படுகிறது.

சித்தூர் 1911 வரை வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக இருந்தது. அவ்வாண்டில் தனி மாவட்டமாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலத்தில் அமைந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. சத்தியவேடு ஆந்திரத்திற்குச் சென்றது. எல்லைகள் மாறினவேயன்றி வீட்டுமொழிகள் மாறவில்லை. திருத்தணியில் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1896 முதல் 1900 வரை திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளியில் பயின்றார். பின்னாளில் தம் மெய்யியல் நூல்களை ஆங்கிலத்திலேயே எழுதினார்.

இத்தகைய இடத்தில் ஆங்கிலச் சொல்லுக்கு நிகர்ச்சொல் தருவதென்றால் எம்மொழியில் தருவது? தெலுங்குவழியில் பயிலும் தமிழ் மாணவனை எண்ணிப் பார்க்கலாம். ‘நீட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஆசிரியர் ‘அவசரம்’ என்பார். தெலுங்கில் அது ‘தேவை’. தமிழ்ச் செவிக்கோ ‘விரைவு’. வடமொழியிலிருந்து இரு மொழிகளும் பெற்ற சொல்லே இங்குத் தடையாகிறது. சி.பி. பிரவுன் 1852இல் வெளியிட்ட தெலுங்கு–ஆங்கில அகராதியில் இலக்கிய மேற்கோள்களையும் பேச்சுவழக்குத் தொடர்களையும் சேர்த்தமை இந்நோக்கில் கருதத்தக்கது.

ஒருமொழிக்குள்ளும் இடர் உண்டு. ‘சாங்ஷன்’ என்ற சொல்லை நோக்குக. கடன் ‘சாங்ஷன்’ ஆனால் அது ஒப்புதல். ஒரு நாட்டின்மீது ‘சாங்ஷன்’ விதித்தால் அது தடை. தெலுங்கு இவற்றை ‘மஞ்சூரு’, ‘ஆங்க்ஷ’ எனப் பிரித்து வழங்கும். ஒப்புதல், தடை என்று நிகர்ச்சொற்களை மட்டும் அடுக்கினால், ஒரே சொல் எவ்வாறு முரண்பட்ட இரு பொருள் தரும் என்று மாணவன் மயங்குவான். தொடரில் வைத்துக் காட்டினாலன்றி இம்மயக்கம் தீராது. அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் 1963–65இல் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் கலைச்சொல்லாக்கத்திற்குப் பெருந்துணை புரிந்தது. எனினும் அது பெரிதும் நிகர்ச்சொல் நெறியையே பின்பற்றியது.

மாற்று நெறி இந்தியப் பட்டறிவிலிருந்தே கிளைத்தது என்பது பலரும் நினையாதது. டாக்காவில் கல்விப்பணி ஆற்றிய மைக்கேல் வெஸ்ட், 1935இல் வெளிவந்த தம் அகராதியில் ஏறத்தாழ 24,000 சொற்களையும் மரபுத்தொடர்களையும் 1490 எளிய சொற்களைக் கொண்டே விளக்கினார். ஹார்ன்பியும் துணைவரும் தொகுத்து 1942இல் தோக்கியோவில் வெளியிட்ட அகராதி, சொல் தொடரில் அமையும் பாங்கை முதன்மைப்படுத்தியது. ஈரகராதிகளும் கற்போரின் தாய்மொழி இன்னதென்று கேட்கவில்லை. எல்லைப்புற மாணவனுக்கு இதுவே அவற்றின் பெரும்பயன் எனலாம்.

தமிழில் இந்நெறி முழுமையாக அமைந்தது 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியிலாகும். தமிழ் விளக்கம், ஆங்கில விளக்கம், எடுத்துக்காட்டுத் தொடர் ஆகியவற்றை அது ஒருங்கே தருகிறது. தமிழ் கற்போர்க்கென்றே இது கருதப்பட்டு வருகிறது. ஆனால் தெலுங்குவழியில் ஆங்கிலம் பயிலும் சித்தூர்த் தமிழ் மாணவன், தன் வீட்டுச் சொல்லிலிருந்து தொடங்கி ஆங்கில விளக்கத்தைச் சென்றடைய இதனைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம்.