ஆறு வாரமா, ஒன்பது மாதமா? வலிப்பு மருந்தை நிறுத்தும் வேகம் குறித்து ஒரு மறுவாசிப்பு

ஈராண்டு வலிப்பே வராதவருக்கு மருந்தை நிறுத்தலாமா என்ற கேள்விக்கு பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1991-இல் தந்த விடை துறையினர் அறிந்ததே. சேர்க்கப்பட்ட 1,013 பேரில் மருந்தைத் தொடர்ந்தோரில் 78 சதவீதத்தினரும், நிறுத்தியோரில் 59 சதவீதத்தினரும் அடுத்த ஈராண்டை வலிப்பின்றிக் கழித்தனர். எவ்வளவு வேகமாக நிறுத்துவது என்பதற்கு அங்கே விடை இல்லை. நிறுத்தும் பிரிவினர் எல்லோருக்குமே மெதுவாகக் குறைப்பதுதான் முறையாக இருந்தது.

வேகத்தை நேரடியாகச் சோதித்தவர்கள் டென்னிசன் குழுவினர். 1994-இல் வெளிவந்த அவர்களது ஆய்வில் 149 குழந்தைகள். ஒரு பிரிவுக்கு ஆறு வாரத்திலும் மறுபிரிவுக்கு ஒன்பது மாதத்திலும் மருந்து குறைக்கப்பட்டது. கணக்கில் நின்றவர்களில் 40 சதவீதத்தினருக்கு வலிப்பு திரும்பியது. வேகத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றார்கள். இதிலிருந்து ‘ஆறு வாரம் போதும்’ என்ற வாசிப்பு கிளைத்தது. இந்த வாசிப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

வேறுபாடு தென்படாததும் வேறுபாடு இல்லாததும் ஒன்றல்ல; இத்தனை சிறிய ஆய்வில் ஓரளவு பெரிய வேறுபாடுகூட மறைந்துவிடும். 2006-இல் இதே கேள்வியைக் காக்ரேன் மதிப்பாய்வுக்கு எடுத்துக்கொண்ட சென்னை நரம்பியல் மருத்துவர்கள் ரங்கநாதனும் ராமரத்தினமும் தேடிக் கண்டது இந்த ஒரே ஆய்வைத்தான். நம்பத்தக்க முடிவு எதற்கும் வர இயலாது என்றே அவர்கள் எழுதினார்கள். அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டு ‘ஆறு வாரம்’ என்பதை மட்டும் எடுத்தாள்வது நோயாளிக்குச் செய்யும் அநீதி.

இதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. டென்னிசன் ஆய்வு எண்ணியது வலிப்பு திரும்பியதை. ஆனால் அது இரு காரணங்களால் நேரலாம். மருந்து விலகியதும் அடங்கியிருந்த நோய் தலைதூக்குவது ஒன்று. மருந்துக்குப் பழகிய மூளை அது திடீரென இல்லாமற்போனதால் துடிப்பது வேறொன்று. இரண்டாவது, நோயே இல்லாதவருக்கும் வரும். 1950-இல் அமெரிக்காவின் லெக்சிங்டன் மருத்துவமனையில் இஸ்பெல் குழுவினர் வலிப்பு நோய் இல்லாத சிறைக்கைதிகள் ஐவருக்கு மாதக்கணக்கில் பார்பிட்யூரேட்டுகளை அதிக அளவில் கொடுத்து ஒரேயடியாக நிறுத்தினார்கள். அவர்களில் பெரும்பாலோர் சில நாட்களுக்குள் முழு வலிப்புக்கு ஆளானார்கள். இன்று எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காத சோதனை அது. ஆனாலும் அதன் சாட்சியத்தை ஒதுக்க முடியாது.

மெதுவாகக் குறைக்கும் வழக்கம் இந்த இரண்டாவது அச்சத்திலிருந்தே வேரூன்றியது என்பது என் கருத்து. 1912-இல் ஹாப்ட்மன் பார்பிட்யூரேட் வகையைச் சேர்ந்த பினோபார்பிட்டாலை வலிப்புக்குக் கொண்டுவந்த பின், பல பத்தாண்டுகள் அதுவே சிகிச்சையின் முதுகெலும்பு. எனினும் வழக்கத்துக்கு ஒரு தொடக்க ஆண்டைக் குறிப்பது பொருந்தாது. என் வாதத்துக்கு எதிரான ஒரு செய்தியும் உண்டு: லெக்சிங்டனில் தரப்பட்டவை விரைவில் உடலைவிட்டு வெளியேறுபவை. பினோபார்பிட்டாலோ பாதி குறையவே பெரியவர்களுக்கு ஏறத்தாழ நான்கு நாள் ஆகும். மாத்திரை நின்றாலும் உடலில் மருந்து தானாகவே படிப்படியாக இறங்குகிறது. ஆகவே இரண்டையும் அப்படியே சமன்படுத்த இயலாது.

இருந்தும் பார்பிட்யூரேட், பென்சோடயசிபைன் வகைகளை நெடுநாள் எடுத்தவர்களுக்கு, குறிப்பாகப் பெரியவர்களுக்கு, டென்னிசன் ஆய்வை ஆதாரமாகக் காட்டி ஆறு வாரத்தில் நிறுத்துவதை நான் ஏற்க மாட்டேன். அதே ஆய்வில் அபாயத்தைக் கூட்டியவை மூளை மின்வரைபடத்தின் கூர்முனை அலைகளும் அறிவுத்திறன் குறைபாடும். வேகம் பற்றிய வரியை மேற்கோள் காட்டுவோர் இவ்விரண்டையும் சேர்த்தே காட்ட வேண்டும்.