கிங் கிரியோல் (திரைப்படம்)

கிங் கிரியோல் 1958 ஆம் ஆண்டு சூலை மாதம் வெளிவந்த அமெரிக்கக் கருப்பு வெள்ளைத் திரைப்படம் ஆகும். மைக்கேல் கர்டிஸ் இயக்கிய இப்படத்தை ஹால் வாலிஸ் தயாரித்தார். பாரமவுண்ட் நிறுவனம் வெளியிட்டது. ராக் அண்ட் ரோல் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி, வறுமைக்கும் கோபத்துக்கும் இடையே வழி தவறும் டேனி ஃபிஷர் என்ற இளைஞனாக நடித்தார். இது பிரெஸ்லியின் நான்காவது படம். அவருடைய படங்களில் நடிப்புக்காக அதிகம் பாராட்டப்படுபவற்றுள் ஒன்று. தாம் ஏற்ற வேடங்களில் தமக்கு மிகவும் பிடித்தது இதுவே என்று பிரெஸ்லியும் பின்னாளில் கூறியுள்ளார்.

பின்னணி

இப்படத்தின் மூலக்கதை, ஹரால்ட் ராபின்ஸ் 1952 இல் எழுதிய "எ ஸ்டோன் ஃபார் டேனி ஃபிஷர்" என்ற புதினம். புதினத்தில் டேனி நியூயார்க்கின் புரூக்ளினில் வளரும் யூதக் குடும்பத்துப் பையன், குத்துச்சண்டை வீரன். பொருளாதாரப் பெருமந்த காலத்தில் அக்குடும்பம் படும் பாடே புதினத்தின் களம். தலைப்பில் வரும் கல், அவனுடைய கல்லறைக் கல்லைக் குறிக்கும்.

வாலிஸ் இப்புதினத்தின் உரிமையை வாங்கியபோது நாயகனாக நடிகர் ஜேம்ஸ் டீனை எண்ணியிருந்ததாகக் கூறப்படுகிறது. கொந்தளிக்கும் இளைஞர் வேடங்களால் புகழ்பெற்றிருந்த டீன், 1955 செப்டம்பர் 30 அன்று கார் விபத்தில் இறந்தார். டீனின் நடிப்பைப் பெரிதும் போற்றியவர் பிரெஸ்லி. வேடம் அவரிடம் வந்தபோது கதை அவருக்கேற்ப மாற்றப்பட்டது. நியூயார்க் நகரம் நியூ ஆர்லியன்சு ஆயிற்று. குத்துச்சண்டை வீரன் பாடகன் ஆனான். முடிவில் நாயகன் உயிரோடு இருந்தான். ஹெர்பர்ட் பேக்கர், மைக்கேல் கட்சோ ஆகியோர் திரைக்கதை எழுதினர்.

கதைச்சுருக்கம்

தாய் இறந்தபின் தந்தை மனமுடைந்து வேலையையும் நிலையையும் இழக்கிறார். டேனி பள்ளிக்குச் செல்லும் முன்பும் பின்பும் பூர்பன் தெரு விடுதியில் வேலை செய்து குடும்பத்துக்கு உதவுகிறான். சண்டையொன்றால் பள்ளியிறுதித் தேர்ச்சி கைநழுவ, படிப்பை விட்டுவிட்டு சார்க் என்பவனின் திருட்டுக் கும்பலோடு பழகுகிறான். ஒரு கடையில் டேனி பாடி அனைவரின் கவனத்தையும் ஈர்க்க, கும்பல் பொருள்களைத் திருடுகிறது.

பிறகு "கிங் கிரியோல்" என்ற இரவு விடுதியில் பாடகனாகிறான். அத்தெருவையே ஆட்டிவைக்கும் மேக்சி ஃபீல்ட்ஸ் அவனைத் தன் விடுதிக்கு இழுக்கப் பார்க்கிறான். இதற்கிடையில், மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்த தந்தை முதலாளியிடம் அவமானப்படுவதைப் பார்த்துக் கொதிக்கும் டேனி, அம்முதலாளியைத் தாக்கிப் பணம் பறிக்கும் திட்டத்துக்கு உடன்படுகிறான். ஆனால் மழையில் முதலாளியின் உடுப்பை அணிந்து வெளியே வந்த தந்தையே அடிபடுகிறார். அவருடைய மருத்துவச் செலவை ஏற்கும் மேக்சி, அதையே பிடியாக வைத்து டேனியை மிரட்டுகிறான். தந்தைக்கு நன்மை செய்வதாக நினைத்துத் தந்தையையே வீழ்த்திய மகனின் குற்றவுணர்வே படத்தின் பிற்பகுதியை நடத்திச் செல்கிறது.

தயாரிப்பு

1957 திசம்பரில் பிரெஸ்லிக்குப் படைச் சேவைக்கான கட்டாய அழைப்பாணை வந்தது. படத்துக்கான ஏற்பாடுகள் ஏற்கெனவே தொடங்கியிருந்ததால், அவரும் பாரமவுண்ட் நிறுவனமும் கால நீட்டிப்புக் கேட்டனர். 60 நாட்கள் கிடைத்தன. 1958 சனவரியில் தொடங்கிய படப்பிடிப்பு மார்ச்சில் முடிந்தது. நியூ ஆர்லியன்சில் நேரடிக் காட்சிகள் எடுக்கப்பட்டபோது ரசிகர் கூட்டம் பெரும் சவாலாக இருந்தது. படப்பிடிப்பு முடிந்த சில நாட்களில், மார்ச் 24 அன்று, பிரெஸ்லி படையில் சேர்ந்தார்.

"காசாபிளாங்கா"வை இயக்கிய கர்டிஸ், பிரெஸ்லியைத் தேர்ந்த நடிகர்களின் நடுவே நிறுத்தினார். மேக்சியாக வால்டர் மாத்தாவ், தந்தையாக டீன் ஜாகர், மேக்சியின் பிடியில் சிக்கிய ரோனியாக கரோலின் ஜோன்ஸ், சார்க்காக விக் மோரோ ஆகியோர் நடித்தனர். டேனியை நேசிக்கும் நெல்லியாக நடித்த டொலோரஸ் ஹார்ட், 1963 இல் திரையுலகைத் துறந்து பெனடிக்டின் துறவு மடத்தில் சேர்ந்தார்.

பாடல்களின் இடம்

பாடகன் கதை என்பதால் படத்தில் பாடல்கள் நிறையவே உண்டு. ஆனால் முக்கியமான பாடல்கள் கதையோடு பிணைந்தவை. கடையில் பாடும் பாட்டு திருட்டுக்குத் திரையாகிறது. லைபர், ஸ்டோலர் இணையர் எழுதிய "டிரபிள்" பாடலை, மேக்சி எல்லோர் முன்னும் பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்தும்போதே டேனி பாடுகிறான். எனவே அது கேளிக்கையாக இல்லாமல் எதிர்ப்பாக ஒலிக்கிறது. "ஹார்ட் ஹெடட் உமன்" பில்போர்டு தரவரிசையில் முதலிடம் பெற்றது.

வரவேற்பும் பின்விளைவும்

முந்தைய படங்களில் பிரெஸ்லியை ஏளனம் செய்த விமர்சகர்கள் சிலர் இம்முறை மனம் மாறினர். அவருக்கு நடிக்க வருகிறது என்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் விமர்சனம் வியந்தது. ஆனால் படம் வெளிவந்தபோது அவர் படைப் பயிற்சியில் இருந்தார். ஆகத்து 14 அன்று அவருடைய தாய் கிளாடிஸ் காலமானார்.

1960 இல் திரும்பிய பிரெஸ்லி, பாடல்கள் குறைந்த "ஃபிளேமிங் ஸ்டார்" (1960), எழுத்துத் திறமை கொண்ட முரட்டு இளைஞனாக நடித்த "வைல்ட் இன் த கன்ட்ரி" (1961) ஆகிய படங்களில் மீண்டும் கனமான வேடங்களை ஏற்றார். அவற்றைவிட, வாலிஸ் தயாரித்த "புளூ ஹவாய்" (1961) என்ற இலகுவான பாட்டுப்படமே பெரிய வசூலைக் கண்டது. அதன் இசைத்தட்டு 20 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. படம் இசைத்தட்டை விற்கும், இசைத்தட்டு படத்தை விற்கும் என்ற கணக்கு அவருடைய மேலாளர் டாம் பார்க்கருக்கும் ஏற்றதாக இருந்தது. டேனி ஃபிஷரைப் பிரெஸ்லிக்குக் கொடுத்த அதே தயாரிப்பாளரின் வெற்றிப்படம், அத்தகைய வேடங்களுக்கான கதவையும் சாத்தியது.

பிரெஸ்லி நாயகனாக நடித்த 31 கதைப்படங்களில் பெரும்பாலானவை அந்த இலகுவான வார்ப்பிலேயே அமைந்தன. 1968 இல் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் வழியே அவர் தம் இசை வாழ்க்கையை மீட்டெடுத்தபோது, தொடக்கத்தில் பாடியது "டிரபிள்" பாடலைத்தான். பத்தாண்டுகளுக்கு முன் மேக்சியின் விடுதியில் டேனி ஃபிஷர் பாடிய பாட்டு அது.