உறைபனியும் ஒரு பழஞ்சீன நூலும்

உறைபனியை நம் மாணவர் பாடநூலில் மட்டுமே கண்டிருப்பர். வடசீன உழவருக்கோ அது இளவேனில் அச்சம். பழமரங்கள் பூத்திருக்கையில் ஓரிரவு பனி தாக்கினால் அவ்வாண்டு கனியே இராது.

கி.பி. 6ஆம் நூற்றாண்டில் ஜியா சிசியே என்னும் அதிகாரி எழுதிய ‘சிமின் யாவ்ஷு’ என்ற வேளாண் நூல் இதற்கு வழி கூறுகிறது. களைகளையும் மட்காத எருவையும் தோப்பில் முன்னரே குவித்து வைத்திருக்க வேண்டும். மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, வாடைக்காற்று குளிர்ந்து வீசினால் அன்றிரவு உறைபனி உறுதி. தீமூட்டிப் புகையெழுப்ப வேண்டும்.

புகை அத்துணை பயன் தராது, தீயின் வெப்பமே உதவும் என்பது இன்றைய அறிவியல். எனக்கு வியப்பளிப்பது புகையன்று; அம்முன்னறிவிப்பே. மேகமற்ற இரவில் நிலம் வெப்பத்தை விரைந்து இழக்கிறது. அதன் அடையாளங்களை, வெப்பமானி தோன்றுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, அவர்கள் வானத்தைப் பார்த்தே அறிந்திருந்தனர்.